வீட்டுக்கடன் நிறுவனத்தில் தகவல் திருட்டு: வாடிக்கையாளருக்கு உள்ள சட்ட வழிகள்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு, அவர்களுடைய சொந்த விவரங்கள் திருடப்பட்டுவிட்டன என்று கடன் நிறுவனங்களிடமிருந்து கடிதம் வருவது அடிக்கடி நடக்கிற விஷயமாகிவிட்டது. 2023 அக்டோபர் இறுதியில் மிஸ்டர் கூப்பர் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் பேருடைய விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அடுத்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் லோன்டிப்போ நிறுவனத்தில் நடந்த தாக்குதலில் 1 கோடியே 69 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். இது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் தருகிறேன். கேள்விகளில் இருந்த கடன் நிறுவனங்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், வழக்கு என்று இறங்குவதற்கு முன் உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.

கேள்வி: எங்களுக்கு வந்த கடிதத்தில் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்), வங்கிக் கணக்கு எண் எல்லாம் திருடப்பட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு இலவசக் கண்காணிப்புச் சேவை தருவதாக ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்திடம் நாங்கள் கடனே வாங்கியதில்லை. இது மோசடிக் கடிதமா? உண்மையானது என்றால், அந்த இலவசச் சேவையில் சேர்ந்துவிட்டால் பிறகு வழக்குப் போடும் உரிமை போய்விடுமா?
— வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: கடன் வாங்காத நிறுவனத்திடமிருந்து கடிதம் வருவதாலேயே அது பொய் என்று முடிவு செய்துவிட வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுக்கடனைக் கொடுக்கிறவர் ஒருவர், அதை விலைக்கு வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவர், மாதத் தவணையை வசூலித்துக் கணக்கு வைக்கிறவர் மூன்றாமவர் என்று இருப்பது சாதாரணம். ஒவ்வொரு முறை கடன் கைமாறும்போதும் உங்கள் கோப்பும் சேர்ந்தே கைமாறுகிறது. மிஸ்டர் கூப்பர் விவகாரத்தில், அந்த நிறுவனம் நேஷன்ஸ்டார் என்ற பழைய பெயரில் இயங்கிய காலத்து வாடிக்கையாளர்கள், அதன் துணை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள், கடனுக்கு விண்ணப்பம் மட்டும் செய்தவர்கள் என்று பலருக்கும் கடிதம் போனது. கடன் முடிந்த பிறகும், கடனே கொடுக்காத நிலையிலும், ஒருவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதுதான் இந்தத் திருட்டுகள் இவ்வளவு பெரிதாவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. இதற்கு நிறுவனங்கள் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

கடிதம் உண்மையானதா என்று சரிபார்க்க, அதிலேயே அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். டெக்சாஸ், கலிபோர்னியா, மெய்ன் போன்ற மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகங்கள், தங்களிடம் தெரிவிக்கப்பட்ட தகவல் திருட்டுகளைத் தங்கள் இணையதளங்களில் வெளியிடுகின்றன. மெய்ன் மாநிலப் பட்டியலில் மொத்தம் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதும், பல நேரங்களில் கடிதத்தின் நகலும் கிடைக்கும். அங்கே உள்ள நகலோடு உங்கள் கடிதத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இலவசக் கண்காணிப்பில் சேர்வதால், கடன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரும் உரிமை பொதுவாகப் போவதில்லை. சேருங்கள், கடிதத்தில் குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் சேருங்கள். ஆனால் சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கும் நிபந்தனைகளில், கண்காணிப்புச் சேவை தரும் நிறுவனத்தோடு தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் மன்றத்துக்கே போக வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். அந்தச் சேவையைத் தருவது, ஒவ்வொருவருடைய கடன் விவரங்களையும் திரட்டிக் கடன் அறிக்கை தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனமாகவே இருந்தால் இந்த விதி பின்னால் உங்களைப் பாதிக்கலாம். ஆகவே அந்தப் பக்கத்தைப் படித்து, ஒரு பிரதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்த விதியிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கண்காணிப்பு என்பது உங்கள் பெயரில் யாரோ கணக்குத் திறந்த பிறகு உங்களுக்குச் சொல்வது மட்டுமே. திறக்கவிடாமல் தடுப்பது கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் உங்கள் கடன் அறிக்கையைப் பார்க்க முடியாதபடி அதை முடக்கி வைப்பது. எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். 2018 செப்டம்பர் 21 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி இதற்குக் கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் முடக்க வேண்டும். நீங்களே ஒரு கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நீக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். கடன் விண்ணப்பத்தோடு நீங்கள் கொடுத்த வருமானவரிப் படிவத்தில் குழந்தைகளின் சோஷியல் செக்யூரிட்டி எண்களும் இருந்திருக்கும். 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகப் பெற்றோரே இந்த முடக்கத்தைக் கேட்டுப் பெறலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்காத எண் என்பதால்தான் குழந்தையின் எண் திருடர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

கேள்வி: இதுவரை எனக்குப் பண நஷ்டம் எதுவும் இல்லை. ஆனாலும் என் சோஷியல் செக்யூரிட்டி எண் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் காலம் முழுவதும் பயந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இதற்காக மட்டுமே கடன் நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியுமா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இந்தக் கேள்வியில்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை.

முதலில் சட்டத்தின் ஒரு பெரிய குறையைச் சொல்ல வேண்டும். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிடும் கூட்டாட்சிச் சட்டம் 1999-இல் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டம். அதன் கீழ் உள்ள பாதுகாப்பு விதிகள் கடுமையானவைதான். 500 அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் திருடுபோனால், வங்கியல்லாத கடன் நிறுவனங்கள் அதைக் கண்டறிந்த 30 நாட்களுக்குள் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 மே 13 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மீறப்பட்டால் வழக்குத் தொடரும் அதிகாரம் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே உண்டு. பாதிக்கப்பட்ட தனிமனிதர் அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. விவரம் உங்களுடையது, பயம் உங்களுடையது. அபராதம் போவதோ அரசுக்கு. பேவியூ அசெட் மேனேஜ்மென்ட் குழுமத்தின் வீட்டுக்கடன் நிறுவனங்களில் 2021-இல் நடந்த திருட்டில் 58 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்காக 53 மாநில நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் அபராதம் விதித்தன. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் வாடிக்கையாளருக்குத் தரப்படும் இழப்பீடு அதுவல்ல.

ஆகவே தனிமனிதர் நம்பியிருக்க வேண்டியது மாநிலச் சட்டங்களையும் பொதுச் சட்டக் கோட்பாடுகளையும்தான். கவனக்குறைவு, விவரங்களைப் பாதுகாப்போம் என்ற உட்கிடையான ஒப்பந்தத்தை மீறியது, மாநில நுகர்வோர் சட்டங்களை மீறியது ஆகியவைதான் இத்தகைய வழக்குகளில் வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டுகள்.

இவற்றைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வைப்பதற்கு, உங்களுக்கு நிஜமான பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்று காட்டியாக வேண்டும். 2021-இல் டிரான்ஸ்யூனியன் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அந்த வழக்கில் 8,185 பேருடைய கடன் அறிக்கைகளில், பயங்கரவாதிகள் பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறது என்ற தவறான குறிப்பு சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே நஷ்ட ஈடு கேட்கும் தகுதி உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றவர்களுடைய கோப்பிலும் அதே தவறு இருந்தது. வெளியே போகவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகிவிட்டது.

நீங்கள் நியூ ஜெர்சியில் இருப்பது ஓரளவு சாதகமானது. அந்த மாநிலத்துக்கு உரிய மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. மருந்து ஆய்வு நிறுவனம் ஒன்றின் முன்னாள் ஊழியருடைய சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கி விவரம், கடவுச்சீட்டு விவரம் ஆகியவற்றைத் திருடிய கும்பல், பணம் கேட்டுக் கிடைக்காததால் அவற்றை இருண்ட இணையத்தில் (திருட்டுத் தகவல்கள் கைமாறும் மறைவான இணையப் பகுதியில்) வெளியிட்டுவிட்டது. அந்த நிலையில், இன்னும் யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை என்றாலும், ஆபத்து நெருங்கி நிற்கிறது, அதைத் தவிர்க்க அவர் செலவிட்ட பணமும் பட்ட மன உளைச்சலும் பாதிப்பாகவே கருதப்படும் என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேறு சில வட்டாரங்களில் நீதிமன்றங்கள் இதைவிட இறுக்கமாக இருக்கின்றன.

ஆகவே பயம் மட்டும் இருந்தால் தனி வழக்கு நிற்பது கடினம். பயத்தோடு ஆதாரமும் இருந்தால் நிலைமை மாறும். திருடியது யார், பணம் கேட்டு மிரட்டினார்களா, தகவல் இருண்ட இணையத்தில் வந்துவிட்டதா என்பவை உங்கள் வழக்கின் உயிர்நாடி. கண்காணிப்புச் சேவை 'உங்கள் எண் இருண்ட இணையத்தில் காணப்பட்டது' என்று மின்னஞ்சல் அனுப்பினால் அதை அழித்துவிடாதீர்கள். முடக்கம் செய்யவும், வங்கியில் கணக்கு எண்ணை மாற்றவும் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள், என்ன செலவானது என்பதை ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதுவதற்கு அந்த மதிப்பு இருக்காது.

வீட்டுக்கடன் வாடிக்கையாளருக்கு மட்டும் உள்ள ஒரு நன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் காணப்படும் கட்டாய நடுவர் மன்ற விதியை, குடியிருக்கும் வீட்டுக்கான கடன் ஒப்பந்தத்தில் சேர்ப்பதை 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் தடை செய்திருக்கிறது. நிறுவனத்தின் இணையதளப் பயன்பாட்டு நிபந்தனைகளைக் காட்டி அந்த வாதத்தை வேறு வழியில் கொண்டுவர அவர்கள் முயலலாம் என்றாலும், உங்கள் கடன் பத்திரம் நீதிமன்றக் கதவை மூடுவதில்லை.

கேள்வி: எங்கள் கடன் நிறுவனத்தின் மீது கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் சேர நான் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு கிடைக்கும்? கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். அது உண்மையா?
— வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: கிளாஸ் ஆக்‌ஷன் எனப்படும் கூட்டு வழக்கில் நீங்கள் 'சேர' வேண்டியதில்லை. ஒரு சிலர் எல்லோருக்காகவும் வழக்குத் தொடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் வரையறைக்குள் நீங்கள் வந்தால் தானாகவே அதில் அடங்கிவிடுகிறீர்கள். சமரசம் ஏற்பட்டால் அறிவிப்பு வரும். அப்போது உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. கோரிக்கைப் படிவம் அனுப்பிப் பங்கு பெறலாம். சமரசம் போதாது என்று நீதிபதிக்கு ஆட்சேபம் எழுதலாம். அல்லது விலகிக்கொண்டு தனியாக வழக்குத் தொடரலாம். எதுவும் செய்யாமல் இருந்தால் பெரும்பாலும் பணமும் கிடைக்காது, தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். பலருடைய நிலை இப்படித்தான் முடிகிறது. விளம்பரத் தபால் என்று நினைத்துக் கிழித்துப் போட்ட அட்டையில்தான் அந்த அறிவிப்பு இருந்திருக்கும். நிறுவனத்திடம் உள்ள உங்கள் முகவரியும் மின்னஞ்சலும் சரியானவையா என்று இன்றே பாருங்கள்.

தொகையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். லோன்டிப்போ நிறுவனம் தன்மீது தொடரப்பட்ட கூட்டு வழக்குக்காக 2024-இல் தன் கணக்கில் 2 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் 1 கோடியே 69 லட்சம் பேர். வழக்கறிஞர் கட்டணத்தைக் கழிக்காமலே பங்கிட்டாலும் தலைக்கு ஒன்றரை டாலர்கூட வராது. படிவம் அனுப்புகிறவர்கள் மிகச் சிலரே என்பதால்தான், அனுப்புகிறவர்களுக்கு ஏதோ ஒரு தொகை கிடைக்கிறது. 2017-இல் எக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோன வழக்கில், ஆளுக்கு 125 டாலர் என்ற பேச்சு நாடு முழுவதும் பரவியது. ஆனால் அதற்கென்று வைத்திருந்த நிதி 3 கோடியே 10 லட்சம் டாலர்தான். சுமார் 2,48,000 பேருக்கு மட்டுமே போதுமானது. கேட்டவர்களின் எண்ணிக்கை அதைப் பல மடங்கு தாண்டியதால் கடைசியில் சில டாலர்களே கைக்கு வந்தன. ஆனால் ரசீதுகளோடு நஷ்டத்தை நிரூபித்தவர்களின் கோரிக்கை தனிப் பிரிவில் பரிசீலிக்கப்பட்டது. அநேகமாக எல்லாச் சமரசங்களிலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஆதாரம் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு சில சமயம் ஆயிரக்கணக்கான டாலர்.

உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். கலிபோர்னியா நுகர்வோர் தனியுரிமைச் சட்டப்படி, நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததால் மறைகுறியாக்கம் செய்யப்படாத விவரங்கள் திருடுபோனால், பண நஷ்டத்தை நிரூபிக்காமலே ஒரு சம்பவத்துக்கு ஒருவருக்கு 100 முதல் 750 டாலர் வரை கேட்கலாம். விலைவாசிக்கேற்ப 2025 ஜனவரி முதல் இது 107 முதல் 799 டாலர் என்று திருத்தப்பட்டிருக்கிறது. கிராம்-லீச்-பிளைலி சட்டத்தின் கீழ் வரும் விவரங்களுக்கு இந்தக் கலிபோர்னியாச் சட்டத்தின் மற்ற பகுதிகள் பொருந்தாது. ஆனால் திருட்டுக்கு இழப்பீடு கேட்கும் இந்தப் பிரிவு பொருந்தும். கடன் நிறுவனங்கள் விதிவிலக்கைக் காட்டி மறுத்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையைக் கேட்பதற்கு முன் நிறுவனத்துக்கு 30 நாள் எழுத்து மூல அறிவிப்புத் தர வேண்டும். கூட்டு வழக்குச் சமரசங்களிலும் கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு கூடுதல் தொகை ஒதுக்கப்படுவது வழக்கமாகிவிட்டதற்கு இந்தச் சட்டமே காரணம்.

விலகித் தனியாகப் போவது யாருக்குப் பொருந்தும் என்றால், நிரூபிக்கக்கூடிய நஷ்டம் பெரிதாக உள்ளவர்களுக்கு மட்டும்தான். சிறு வழக்கு நீதிமன்றங்களில் கலிபோர்னியாவில் ஒரு தனிநபர் 12,500 டாலர் வரையும், டெக்சாஸில் 20,000 டாலர் வரையும், நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரையும் கேட்கலாம். கூட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கும் காலத்தில், அதில் அடங்கியவர்களுடைய வழக்குக் காலவரம்பு பொதுவாக ஓடாமல் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1974-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மாநில நீதிமன்றங்கள் இதை எந்த அளவுக்கு ஏற்கின்றன என்பது மாறுபடும் என்பதால், பெரிய நஷ்டம் உள்ளவர்கள் காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: கடிதம் வந்து ஏழெட்டு மாதம் கழித்து, நான் வாங்காத ஒரு கார் கடன் என் கடன் அறிக்கையில் இருப்பதைப் பார்த்தேன். கார் கடன் கொடுத்தவர்கள் 'நீங்கள்தான் வாங்கினீர்கள்' என்கிறார்கள். வீட்டுக்கடன் நிறுவனமோ 'எங்களிடமிருந்து போன தகவலால்தான் இது நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்கிறது. நான் யார்மீது நடவடிக்கை எடுப்பது?
— வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: உங்களுக்கு ஏற்பட்டிருப்பது உண்மையான பாதிப்பு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கடன் நிறுவனம் கேட்கும் கேள்வி மனதைப் புண்படுத்துவதாக இருந்தாலும், நீதிமன்றத்திலும் அந்தக் கேள்வி வரும். ஒருவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண் பல இடங்களில் திருடுபோயிருக்கக்கூடும். எந்தத் திருட்டால் இந்தக் கார் கடன் வந்தது என்று காட்ட, காலநெருக்கமும் விவரப் பொருத்தமும் வேண்டும். கார் கடன் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடையாளத் திருட்டுக்கு ஆளானவர் உரிய ஆவணங்களோடு எழுத்து மூலம் கேட்டால் 30 நாட்களுக்குள் அதைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று நேர்மையான கடன் தகவல் சட்டம் சொல்கிறது. அந்த விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் பழைய வேலை, பழைய முகவரி, மாதச் சம்பளம் ஆகியவை நீங்கள் வீட்டுக்கடனுக்குக் கொடுத்த தகவலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வலுவான ஆதாரங்களில் அது ஒன்று. வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் எழுதும் அளவுக்கு விவரங்களை நாம் வேறு எங்கும் ஒரே இடத்தில் எழுதுவதில்லை.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது, கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் என்ற தளத்தில் புகார் பதிந்து, அடையாளத் திருட்டு அறிக்கையைப் பெறுவது. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். அந்த அறிக்கையையும் உங்கள் அடையாளச் சான்றையும் இணைத்து மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினால், அவர்கள் நான்கு வேலை நாட்களுக்குள் அந்தப் போலிக் கடனை உங்கள் அறிக்கையிலிருந்து மறைக்க வேண்டும். அதோடு, தவறான பதிவு என்று முறைப்படி ஆட்சேபமும் எழுப்புங்கள். அதைப் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும்.

பலரும் கவனிக்காத வழி இதற்குப் பிறகுதான் வருகிறது. உங்கள் ஆட்சேபத்தை ஒழுங்காக விசாரிக்காமல் 'சரிபார்க்கப்பட்டது' என்று இரண்டு வரி பதில் அனுப்பினால், கடன் தகவல் நிறுவனத்தின் மீதும், அந்தத் தவறான தகவலைக் கொடுத்துக்கொண்டிருக்கும் கார் கடன் நிறுவனத்தின் மீதும் அதே சட்டத்தின் கீழ் நீங்கள் தனியாக வழக்குத் தொடரலாம். வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 100 முதல் 1,000 டாலர் வரை சட்டப்படியான தொகை, அல்லது உண்மையான நஷ்டம், அதற்கு மேல் தண்டனைத் தொகையும் உண்டு. நீங்கள் வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பே தர வேண்டும் என்பதால், முன்பணம் கேட்காமல் இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மீறலைக் கண்டறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், மீறல் நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே காலவரம்பு. தகவலைப் பறிகொடுத்த வீட்டுக்கடன் நிறுவனத்தின் மீதான வழக்கைவிட, தவறைத் திருத்த மறுத்தவர்கள் மீதான இந்த வழக்கில் உங்கள் கை வலுவாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஆட்சேபத்தைக் கடன் தகவல் நிறுவனத்தின் மூலமாக எழுப்பினால்தான் கார் கடன் நிறுவனத்தின் மீது இந்த வழக்குரிமை பிறக்கும். அவர்களிடம் நேரில் பேசியது மட்டும் போதாது.

கேள்வி: தாக்குதல் நடந்தபோது கடன் நிறுவனத்தின் இணையதளமே சில நாட்கள் இயங்கவில்லை. தவணை கட்ட முடியவில்லை. பிறகு பார்த்தால் தாமதக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசிப் பயனில்லை.
— வாசகி, சார்லட், வட கரோலினா

பதில்: தொலைபேசியை விட்டுவிட்டு எழுதுங்கள். ரெஸ்பா என்ற வீட்டுக்கடன் நடைமுறைச் சட்டப்படி நீங்கள் அனுப்பும் 'பிழை அறிவிப்புக் கடிதத்துக்கு' ஐந்து வேலை நாட்களுக்குள் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, பொதுவாக 30 வேலை நாட்களுக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும். தவணை பற்றிய பிழை என்றால், அறிவிப்புக் கிடைத்த 60 நாட்களுக்கு அந்தத் தவணையைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் பாதகமாகத் தெரிவிக்கவும் கூடாது. தவணைச் சீட்டோடு சேர்த்து அனுப்பாமல், பிழை அறிவிப்புக்கென்று மாத அறிக்கையிலோ இணையதளத்திலோ குறிப்பிட்டிருக்கும் தனி முகவரிக்கு அனுப்ப வேண்டும். பணம் செலுத்த முயன்ற தேதி, அப்போது திரையில் தெரிந்த செய்தியின் படம், வங்கியில் பணம் இருந்ததற்கான கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். மிஸ்டர் கூப்பர் முடங்கிய நாட்களில் தாமதக் கட்டணம் வசூலிக்க மாட்டோம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. உங்கள் நிறுவனமும் அப்படி அறிவித்திருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குத் திரும்பி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பழைய முகவரிக்கு இந்தக் கடிதம் வந்ததாக நண்பர் படமெடுத்து அனுப்பினார். முன்பணத்துக்காக என் அப்பா கொடுத்த அன்பளிப்புப் பணத்துக்கு ஆதாரமாக அவருடைய வங்கி அறிக்கையும் கடவுச்சீட்டு நகலும் அப்போது கொடுத்திருந்தோம். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் உரிமை நாட்டை விட்டு வந்ததால் போய்விடவில்லை. ஆனால் சமரசம் ஏற்பட்டால், அது 'அமெரிக்காவில் வசிப்பவர்கள்' என்று வரையறுக்கிறதா, 'அறிவிப்பு அனுப்பப்பட்ட எல்லோரும்' என்று வரையறுக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். சமரச நிர்வாகியிடம் உங்கள் இந்திய முகவரியையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யுங்கள். அங்கே வசிக்காதவருடைய கடன் அறிக்கையைத் திருடர்கள் பயன்படுத்தினால் கண்டுபிடிக்கத் தாமதமாகும் என்பதால், கிரெடிட் ஃப்ரீஸ் உங்களுக்கு மிகவும் தேவை. இங்கிருந்து இணையத்தில் அடையாளத்தை உறுதிசெய்ய முடியாவிட்டால், சான்றுகளின் நகல்களை இணைத்துத் தபாலில் கேட்கலாம். கடிதம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முடக்க வேண்டும். உங்கள் பெயரில் யாரும் போலி வரிப்படிவம் போட்டுப் பணம் பெறாமல் இருக்க, அமெரிக்க வருமானவரித் துறையிடம் ஆறு இலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணும் கேட்டுப் பெறுங்கள்.

அப்பாவின் நிலைமைதான் வருத்தமானது. அவர் கடன் வாங்கியவர் அல்ல, உங்களுக்கு உதவியவர். அவருடைய ஆவணம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதே நிறுவனத்தின் பட்டியலில் தனியாகப் பதிவாகியிருக்காது. 'அன்பளிப்புக் கொடுத்தவரின் வங்கி அறிக்கையும் கடவுச்சீட்டும் திருடுபோன கோப்புகளில் இருந்தனவா' என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்து மூலமான பதில் வாங்குங்கள். ஆம் என்றால் அவரும் கோரிக்கை வைக்கலாமா என்பது கூட்டு வழக்கின் வரையறையைப் பொறுத்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வெளிநாட்டில் கையாளப்படும் தரவுக்கு, இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்குவது தொடர்பானதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அமெரிக்க வீட்டுக்கு அமெரிக்க நிறுவனம் கொடுத்த கடனுக்கு அதை நீட்டுவது கடினம் என்றே கருதுகிறேன். அப்பாவின் வங்கியில் தகவலைச் சொல்லி, கணக்கில் நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் குறுஞ்செய்தி வரும்படி செய்யுங்கள். அவருடைய கணக்கு எண்ணையும் மகனின் பெயரையும் சரியாகச் சொல்லிக்கொண்டு யாராவது தொலைபேசியில் அழைத்தால், அதற்காகவே அவர்களை நம்பிவிட வேண்டாம் என்று அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். கூட்டு வழக்கில் பணம் கேட்டால் அதனால் விசாவுக்குச் சிக்கல் வருமா? கிடைக்கும் பணத்துக்கு வரி உண்டா?
— வாசகர், ப்ளைன்ஸ்போரோ, நியூ ஜெர்சி

பதில்: நுகர்வோர் என்ற முறையில் உரிமையியல் வழக்கில் இழப்பீடு கேட்பது வேலை செய்வதும் அல்ல, அரசு உதவி பெறுவதும் அல்ல. விசா நிலை இதற்குத் தடையாக இருப்பதில்லை; கோரிக்கைப் படிவத்தைத் தயங்காமல் அனுப்புங்கள். உங்கள் மனைவியும் கடனில் இணைந்திருந்தால் அவருக்குத் தனிக் கடிதமும் தனிக் கோரிக்கையும் உண்டு; சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் வரிக்கான தனிநபர் எண் மட்டும் வைத்திருந்தாலும் அவருடைய பாதிப்பும் பாதிப்புதான். வரியைப் பொறுத்தவரை, பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் தரும் இலவச அடையாளப் பாதுகாப்புச் சேவையின் மதிப்பை வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்க வருமானவரித் துறை 2015-இல் அறிவித்தது. அந்தச் சேவைக்குப் பதிலாகப் பணமாக வாங்கிக்கொண்டால் அந்தச் சலுகை பொருந்தாது. கையிலிருந்து செலவான தொகையைத் திரும்பப் பெறுவதற்கும், ரொக்கமாக மேலே கிடைக்கும் தொகைக்கும் வரி விளைவு வேறுபடலாம். சமரச நிர்வாகி அனுப்பும் காசோலையோடு வரும் விளக்கத்தை உங்கள் வரி ஆலோசகரிடம் காட்டி, அந்த ஆண்டுக்கான படிவத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.